யாழ்ப்பாணத்தில் ஒன்பது பேருக்கு வாடகை வீடு: திருநெல்வேலி பிளாட்டா, கொக்குவில் வீடா?

வெள்ளவத்தை விட்டவன்:

வணக்கம். வருகிற சித்திரைக்குப் பிறகு குடும்பத்தோடு யாழ்ப்பாணம் திரும்புகிறோம். பதினாலு வருடம் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தாயிற்று, அதில் பத்து வருடம் ஒரே பிளாட். ஆட்கள் மொத்தம் ஒன்பது: ஆச்சி (வயது 86, கைத்தடியோடு நடப்பா), அப்பா, அம்மா, நான், மனைவி, எங்கள் இரண்டு பிள்ளைகள், தம்பியின் மனைவி, அவவின் ஐந்து மாதக் கைக்குழந்தை. தம்பி கட்டாரில், வருடத்தில் ஒரு மாதம் வந்து நிற்பான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன வீடாக எடுக்கலாமே என்று கேட்டதற்கு அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, அதனால் அந்த யோசனையை யாரும் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

தைப்பொங்கலுக்கு வந்தபோது பதினொரு இடம் பார்த்தேன். இக்மன் விளம்பரத் தளத்தில் படம் பார்த்துப் போனவை பாதி, தரகர் காட்டியவை பாதி. கடைசியில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன.

முதலாவது யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் புது அடுக்குமாடி, மூன்றாம் மாடி, நாலு அறை, மூன்று பாத்ரூம், லிப்ற் இருக்கிறது. மாதம் 95,000, ஆறு மாத முற்பணம், பராமரிப்புக்காசு வேறு. எல்லாம் புதுசு, ரைல்ஸ் பளபளக்கிறது, மனைவிக்குப் பிடித்துவிட்டது.

இரண்டாவது கொக்குவிலில் பழைய வீடு. மூன்று பரப்பு வளவு, ஐந்து அறை, ஆனால் அதில் ஒன்றை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கிறார், தரமாட்டாராம். வெளியே ஒரு பாத்ரூம், உள்ளே ஒன்று. விறாந்தை பெரிசு, கிணறு இருக்கிறது. மாதம் 70,000, ஒரு வருட வாடகையை முன்னுக்குக் கட்டச் சொல்கிறார்கள். வீடு கனடாவில் இருக்கும் மகளின் பேரில், இங்கே அவவின் ஒன்றுவிட்ட அண்ணன்தான் திறப்பு வைத்திருக்கிறார்.

எனக்கு மனம் பிளாட் பக்கம்தான் சாய்கிறது, பழகின வாழ்க்கை. அப்பா கொக்குவில் என்கிறார், காரணம் கேட்டால் “காற்று” என்கிறார். உங்களில் பெரிய குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். சின்னவன் வருகிற வருடத்துக்கு அடுத்த வருடம் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும், அதையும் மனதில் வைத்து.

---

கிணற்றடி:

தம்பி, ரைல்ஸை விடுங்கள், தண்ணீரைப் பார்த்தீர்களா? முழுக் கடிதத்திலும் “கிணறு இருக்கிறது” என்ற இரண்டு சொல்லோடு முடித்துவிட்டீர்கள். வெள்ளவத்தையில் பைப்பைத் திறந்தால் வரும், இங்கே அப்படியில்லை.

யாழ்ப்பாணத்துக்கு ஆறு இல்லை (வழுக்கையாறு என்று யாராவது எழுத வருவார்கள், அது மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு, அதை நம்பிக் குளிக்க முடியாது). நாங்கள் குடிக்கிறது எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கி நிற்கிற மழைத்தண்ணீர். அந்த நல்ல தண்ணீர் கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாகத்தான் மிதக்கிறது. மேலே இருந்து கூட இழுத்தால் கீழே இருந்து உப்பு ஏறும். ஒன்பது பேர் குளித்து, உடுப்புத் தோய்த்து, கைக்குழந்தையின் துணியும் தோய்த்தால் எவ்வளவு இழுப்பீர்கள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறை பக்கம் கடற்கரையோரம் இருந்தவர்களைக் கேட்டால் உப்பைப் பற்றி ஒரு நாள் முழுக்கச் சொல்லுவார்கள். கொக்குவில், கோண்டாவில் பக்கம் அந்தளவு இல்லை, ஆனால் வீட்டுக்கு வீடு மாறும், ஒழுங்கைக்கு ஒழுங்கை மாறும்.

நீங்கள் பார்த்தது தை மாதம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை முடிந்து கிணறு கழுத்து மட்டும் நிற்கிற நேரம், அப்போது எந்தக் கிணற்றுத் தண்ணீரும் இளநீர்தான். ஆவணி, புரட்டாதியில் அதே கிணறு எப்படி நின்றது என்று அயல்வீட்டுக்காரரிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். இன்னொன்று, மோட்டரைப் போட்டு முதல் வாளித் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டும் ஒரே ருசி என்றால் சரி. குசினிக் கேத்தலையும் திறந்து பாருங்கள், உள்ளே வெள்ளைப் படை தடிப்பாக இருந்தால் சவர்க்காரம் நுரைக்காது, சுடுதண்ணீர் ஹீற்றரும் ஒரு வருடத்தில் அடைக்கும்.

கைக்குழந்தை இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். தோட்டம் செய்கிற பக்கங்களில், அதுவும் திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய் என்று அந்தச் செம்மண் முழுக்க, பசளையும் மலசலகூடக் குழிக் கழிவும் இறங்கி நைத்திரேற்று கூடின கிணறுகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது, பால்மா கரைத்துக் குடிக்கிற பச்சைக் குழந்தைக்குத்தான் ஆபத்து, இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போய் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள், வாடகைக் காசோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

பிளாட்டுக்கும் இதே கேள்விதான். குழாய்க் கிணறா, எத்தனை வீட்டுக்கு ஒன்று? பன்னிரண்டு வீடு ஒரு குழாயில் இழுத்தால் பங்குனி வர தண்ணீர் லொறிப் பவுசருக்குக் காசு சேர்க்கத் தொடங்குவார்கள். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், “பைப் தண்ணீர் வந்துவிட்டது” என்று தரகர் சொல்லுவார். வீதியில் குழாய் கிடக்கிறதும் வீட்டில் தண்ணீர் வருகிறதும் வேறு வேறு. திறந்து பாருங்கள்.

---

மூன்றாம் மாடி:

நான் நாலு வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு பிளாட்டில் இருந்தவள், மாமா மாமியோடு. எங்கே என்று எழுதவில்லை, அங்கே இருக்கிறவர்கள் இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள்.

நல்லதையும் சொல்கிறேன். கள்ளர் பயம் இல்லை, வளவு கூட்டத் தேவையில்லை, பாம்பு வராது, நான் வேலைக்குப் போய் வருகிற மட்டும் பிள்ளைகள் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பார்கள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு பிளாட் பெரிய நிம்மதி, இதை உங்கள் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் வயது போனவர்களுக்கு அது வீடு இல்லை. மாமி ஊரில் விடிய நாலரைக்கு எழும்பி முற்றம் கூட்டி, பூப்பிடுங்கி, மதிலால் எட்டிப் பக்கத்து வீட்டுக்காரியோடு கதைத்து, அதோடு அரை நாள் போகும். மூன்றாம் மாடியில் எழும்பினால் எங்கே போவது? பல்கனியில் கதிரை போட்டு கீழே போகிற ஓட்டோவை எண்ணிக்கொண்டு இருந்தா. கறண்ட் நின்றால் லிப்ற் நிற்கும், ஜெனரேற்றர் போட ஆள் வர வேண்டும், ஒரு முறை கிளினிக்குக்குப் போய் வந்து கீழே படியில் ஒன்றே கால் மணித்தியாலம் குந்தியிருந்தா. அன்றைக்குப் பிறகு கிளினிக்கைத் தவிர வேறு எதற்கும் இறங்க மாட்டேன் என்றுவிட்டா.

இனி சொல்லப்போவதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். மாமி மோசம் போனது அதே பிளாட்டில்தான், இரவு பதினொரு மணிக்கு. லிப்ற்றுக்குள் ஸ்ரெச்சர் போகவில்லை, நாலு பேர் கதிரையில் வைத்துப் படியால் இறக்கினார்கள். பெட்டியை மறுபடி மேலே கொண்டுவர முடியாது என்பது சரி, கீழே வாகனம் நிறுத்துகிற இடத்தில் ஒரு பந்தல் போட்டு வைக்கலாமா என்று என் கணவர் கேட்டார். வீட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை, நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், மற்ற வீடுகளில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், துடக்கு என்று சொல்லுவார்கள், வேண்டாமே என்று. கடைசியில் மாமியின் தம்பி வீட்டில் வைத்துத்தான் எடுத்தோம். வந்த சனம் எல்லாம் “சொந்த மகன் வீட்டில் வைக்கவில்லையோ” என்று கேட்டுக்கொண்டுதான் போனது. என் கணவர் அதை இன்னும் மறக்கவில்லை. அந்தியேட்டிக் கிரியை முடிந்து இரண்டாவது மாதம் பிளாட்டை விட்டுவிட்டோம்.

உங்கள் ஆச்சிக்கு 86. ஒப்பந்தம் எழுத முன்பு இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். தனி வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டும், வாடகை வீட்டில் செத்தவீடு நடத்த விடாதவர்கள் நல்லூர், கொக்குவில் எங்கேயும் இருக்கிறார்கள். முகத்துக்கு நேரே கேட்க முடியாவிட்டால் “வீட்டில் நன்மை தின்மை வந்தால் நடத்தலாம்தானே” என்று கேளுங்கள், விளங்கிக்கொள்வார்கள்.

---

கச்சேரியடிக் காகம்:

மச்சம் (மீன், இறைச்சி) காய்ச்சலாமா என்று கேட்டீர்களா? கோயிலடிப் பக்கம் பாதி வீடு “சைவக் குடும்பத்துக்கு மட்டும்”. நாங்கள் தெரியாமல் போய் முதல் நாளே நண்டுக் கறி வைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மா வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றா.

---

கந்தோர்ப் பேனை:

லோயர் கந்தோரில் இருபது வருடம் காணி உறுதி ரைப் அடிக்கிறவன். தண்ணீரைக் கிணற்றடி ஐயா சொல்லிவிட்டார், நான் தாளைச் சொல்கிறேன்.

கொக்குவில் வீட்டில் உங்களுக்குத் திறப்புக் காட்டினவர் அண்ணன். அண்ணன் என்பது உறவு, அதிகாரம் இல்லை. மகளிடமிருந்து அற்றோணித் தத்துவம் (அவ சார்பில் செய்கிற அதிகாரப் பத்திரம்) வாங்கியிருக்கிறாரா, அதில் வாடகைக்குக் கொடுக்கவும் காசு வாங்கவும் எழுதியிருக்கிறதா, பதிவு செய்திருக்கிறாரா என்று பிரதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அதோடு போய்விடும், அதனால் மகள் சுகமாக இருக்கிறாரா என்று ஒரு வீடியோ அழைப்பில் பார்த்துக் கதைப்பது பகிடி இல்லை. சீதனமாக எழுதின வீடு என்றால் இன்னொரு சங்கதி. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மணமான பெண் தன் பேரில் உள்ள காணி பூமியைக் கையாள கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கணவரின் கையெழுத்தும் இருந்தால் பிறகு தலையிடி இல்லை.

அடுத்தது ஒப்பந்தம். கடையில் தாள் வாங்கி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தரகர் சொல்லுவார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதுகிற லோயர்) முன்னிலையில் எழுதப்பட வேண்டும், 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து அப்படித்தான். அப்படி எழுதாத “இரண்டு வருட” ஒப்பந்தத்தை நம்பி எட்டு லட்சத்துக்கு மேலே முன்னுக்குக் கட்டினால், நடுவில் எழும்பச் சொன்னால் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. வீட்டுக்காரருக்கும் இதில் லாபம் உண்டு, அதைச் சொல்லிச் சம்மதிக்க வையுங்கள்: 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசு எழுதின குத்தகை முடிந்தும் ஆள் எழும்பாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க வழியில் வீட்டைத் திரும்ப எடுக்கலாம். முன்பு மாதிரிப் பத்து வருடம் வழக்குப் பேசத் தேவையில்லை. வருட முற்பணம் கேட்பதே அந்தப் பயத்தில்தான்.

சின்னவனின் பள்ளிக்கூடத்துக்கு வதிவிடம் காட்ட வேண்டும், அதற்குத் தேருநர் இடாப்பில் (வாக்காளர் பட்டியல்) பெயர் வேண்டும். விதானையாரிடம் (கிராம சேவையாளர்) பதிய வீட்டுக்காரர் விடுவாரா என்பதை இப்போதே கேட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரியாகப் போடுங்கள். “பதிந்தால் வீட்டை எழுதி எடுத்துவிடுவார்கள்” என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வந்து இறங்கின உடனே பதியுங்கள், இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்பதற்குத்தான் புள்ளி.

---

ஸ்காபரோ பனங்காய்:

வாசித்துக்கொண்டே வந்தேன், வீட்டுக்காரர் எல்லாரையும் கள்ளர் மாதிரி எழுதுகிறீர்கள், அதனால் ஒரு வீட்டுக்காரியும் எழுதலாம் என்று நினைத்தேன். எனக்கும் இணுவிலில் வீடு இருக்கிறது, அப்பா கட்டினது.

ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். நல்ல மனிதர் என்று சித்தப்பா சொன்னார், முற்பணம் வாங்கவில்லை. ஒன்பது மாதம் வாடகை வந்தது, ஆறு மாதம் வரவில்லை. போகும்போது கிணற்று மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அப்பா வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் ஒரு பக்கக் கொப்பு முழுக்க விறகாகிவிட்டது. மோட்டர் போனால் வாங்கலாம். இதற்குப் பிறகு ஒரு வருடக் காசு கேட்டால் பேராசையா?

பூட்டின அறையைப் பற்றியும் சொல்கிறேன். என் வீட்டிலும் ஒன்று பூட்டியிருக்கிறது. உள்ளே அம்மாவின் அலுமாரியும் அப்பாவின் படமும் நாலு பெட்டியும்தான். அதைத் தூக்கி வைக்க எனக்கு வேறு இடம் இல்லை, வீசவும் மனம் இல்லை. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளுக்கும் வந்து அந்த அறையில் படுக்கலாம் என்று ஒரு நினைப்பும் உண்டு, வாடகைக்குக் கொடுத்த வீட்டில் அது சரியில்லை என்று எனக்கே தெரியும். உங்கள் வீட்டுக்காரிக்கும் அப்படி ஒரு நினைப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஆடி மாதம் ஆறு பெட்டியோடு வந்து இறங்குவா.

என்னிடம் யாராவது ஒழுங்காக வந்து, நொத்தாரிசிடம் எழுதுவோம், மூன்று மாத முற்பணம், மிச்சம் மாதாமாதம் வங்கிக்கு என்று கேட்டால் நான் கொடுப்பேன். நேரே கதையுங்கள், நடுவில் நிற்கிறவர்கள் எங்களுக்கு ஒன்றும் உங்களுக்கு ஒன்றும் சொல்லுவார்கள்.

---

கிணற்றடி:

அக்கா சொல்வது நியாயம். ஆனால் ஐந்து அறை வீட்டில் ஒன்றைப் பூட்டினால் வாடகையும் நாலு அறைக்குத்தான், அலுமாரிக்கு நாங்கள் வாடகை கட்ட ஏலாது.

தம்பிக்கு மறந்துபோன ஒன்று, கறண்ட் மீற்றர். வீட்டுப் பாவனைக்குக் கட்டணம் 60, 90, 120, 180 அலகு என்று படிப்படியாக ஏறும், மாதம் 180 தாண்டினால் ஆக மேல்படி. ஒன்பது பேர், இரண்டு ஏசி, தண்ணீர் மோட்டர் எல்லாம் ஒரே மீற்றரில் ஓடினால் அந்தப் படியில்தான் குடியிருப்பீர்கள். வீட்டின் பின்பக்கத்துக்கு இரண்டாவது மீற்றர் இருக்கிறதா பாருங்கள், நிலையான கட்டணம் இரண்டு தரம் கட்டினாலும் பெரிய குடும்பத்துக்கு மிச்சம் வரும். மற்றது, 2008 நிஷா, 2020 புரவி, இந்த இரண்டு புயலுக்கும் ஒழுங்கையில் எந்த மட்டுக்கு வெள்ளம் நின்றது என்று ஒரு கிழவரைக் கேளுங்கள். மதிலில் கோடு இருக்கும்.

---

வெள்ளவத்தை விட்டவன்:

எல்லாருக்கும் பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும். போன கிழமை மறுபடி வந்து போனேன்.

பிளாட்டை விட்டுவிட்டோம். மூன்றாம் மாடி அக்கா எழுதினதை மனைவிக்கு மட்டும் காட்டினேன், அவ இரவு முழுக்க ஒன்றும் சொல்லவில்லை, விடிய “கொக்குவில் குசினிக்கு ரைல்ஸ் போட்டுத் தருவார்களா கேளுங்கள்” என்றா. பிளாட்டில் குழாய்க் கிணறு ஒன்றுக்குப் பதினாறு வீடு, அதையும் காவலாளிதான் சொன்னார், தரகர் இல்லை.

கொக்குவில் கிணற்றில் ஒரு மணித்தியாலம் மோட்டர் போட்டுப் பார்த்தேன். ருசி மாறவில்லை. அயலில் ஒரு ஐயா ஆவணியில் மூன்று முழத் தண்ணீர் நிற்கும், வற்றினதை அவர் கண்டதில்லை என்றார். நைத்திரேற்று பார்க்கக் கொடுத்தேன், இருக்க வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கிறது, அதனால் குழந்தைக்கு மட்டும் போத்தல் தண்ணீர் என்று முடிவெடுத்திருக்கிறோம். மோட்டர் கிணற்றைவிடப் பழசு போலச் சத்தம் போடுகிறது, அது வேறு கதை.

கனடா அக்காவோடு நேரே கதைத்தேன். அண்ணன் எங்களுக்குச் சொன்னது 70,000, அவவுக்குச் சொன்னது 60,000! கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் அமைதி. கடைசியில் 62,000, ஆறு மாத முற்பணம், நொத்தாரிசிடம் இரண்டு வருடம், கணவரும் கையெழுத்து வைப்பார். விதானையாரிடம் பதியலாம். அறை பூட்டியே இருக்கும், ஆனால் வந்து நிற்பது என்றால் ஒரு மாதம் முன்பு சொல்லுவா. மச்சம் வெளிக் குசினியில் காய்ச்சலாம், வெள்ளிக்கிழமை வேண்டாம். அந்த மற்றக் கேள்வியை “நன்மை தின்மை” என்று நான் தொடங்கவே அவவுக்கு விளங்கிவிட்டது, “என்ர அம்மாவையும் அந்த விறாந்தையில் வைத்துத்தான் எடுத்தது, அதைப் பற்றி யோசிக்காதீங்கோ” என்றா.

இரண்டாவது மீற்றர் இல்லை, விண்ணப்பிக்க அவவின் கையெழுத்து வேண்டும், அனுப்புகிறா. கிணற்றடி ஐயா, அந்தப் பக்கம் கிணறு இறைத்துத் துப்பரவாக்க நம்பிக்கையான ஆள் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள். சித்திரை இருபதுக்கு முன்பு முடிக்க வேண்டும்.